மலைமேல் ஒரு மொழிபெயர்ப்பு

மலையேறும்போது கணவரோடு சண்டை போட முடியாது. இந்த உண்மையை எனக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. பத்தடி ஏறினால் வாயில் மூச்சுதான் வருகிறது, வார்த்தை வருவதில்லை. மனதுக்குள் அருமையாக ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து, 'உங்களுக்குக் கொஞ்சமாவது' என்று ஆரம்பித்தால் 'உங்' என்பதோடு நெஞ்சை அடைத்துக்கொள்ளும். அவர் திரும்பிப் பார்த்து, "என்னம்மா, தண்ணி வேணுமா?" என்பார். அந்தக் கரிசனத்தைக் கேட்டதும் இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

நாங்கள் ஷார்ஜாவில் இருக்கிறோம். நான் ஒரு கிளினிக்கில் ரிசப்ஷனிஸ்ட். அரபியில் திட்டு வாங்கி, அரபியிலேயே சிரித்துக்கொண்டு பதில் சொல்லும் வேலை. (அங்கே கோபப்பட அனுமதி கிடையாது. அதனால் அன்றாடக் கோபம் முழுவதும் சேதாரமில்லாமல் வீட்டுக்கு வந்து சேரும்.) கணவர் சேகர், கட்டுமானக் கம்பெனியில் சைட் இன்ஜினியர். இத்தனை வருஷத்தில் அவர் கற்ற அரபி மொத்தம் நாலே வார்த்தை: யல்லா, கலாஸ், மாஃபி, மாலிஷ். அதாவது கிளம்பு, முடிந்தது, இல்லை, பரவாயில்லை. அதை வைத்தே கட்டடங்களை எழுப்பிவிட்டதால் ஐந்தாவது வார்த்தை அவருக்குத் தேவைப்படவில்லை. மகள் நிவேதா ஏழாம் வகுப்பு. பள்ளியில் அரபி கட்டாயப் பாடம், அவள் அதில் கெட்டிக்காரி. இந்தத் தகவல் எனக்கு அந்த மலையில் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

எல்லாம் ராஸ் அல் கைமாவில் ஆரம்பித்தது. சேகரின் ஆபீஸ் நண்பர்கள் விடுமுறை நாள் விடிவதற்குள் அங்கே போய் மொட்டை மலைகளில் ஏறுவார்கள். பெயருக்குக்கூட ஒரு புல் முளைக்காத மலைகள். "மேல ஏறினா என்ன தெரியும்?" என்று கேட்டேன். "அடுத்த மலை தெரியும்" என்றார், பெரிய தத்துவம் சொல்வதுபோல. மூன்று தடவை போய் வந்ததும் மனிதரின் நடையே மாறிவிட்டது. லிஃப்டைத் தொடமாட்டேன் என்று ஏழு மாடியும் படியேறி வருவார். வந்து சோபாவில் விழுந்து என்னிடம் தண்ணீர் கேட்பார்.

அப்புறம் ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார். "இந்த லீவுக்கு நேபாளம் போறோம். திபெத் பார்டரை ஒட்டி ஒரு பள்ளத்தாக்கு, அதோட கோடியில ஒரு பழைய மடாலயம். அங்க எல்லாம் திபெத்துக்காரங்க வாழ்க்கைதான், திபெத்து பாஷைதான். கைடு இல்லாம உள்ளயே விடமாட்டாங்க. டிக்கெட் போட்டாச்சு."

அந்த லீவு எதற்காக நான் சேர்த்து வைத்தது என்பது அவருக்குத் தெரியும். பங்குனி உத்திரத்தன்று என் தங்கை மகனுக்குக் காதுகுத்து. பையனுக்குக் கடுக்கன், வேட்டி சட்டை, தங்கைக்குப் புடவை எல்லாம் வாங்கிப் பெட்டியில் அடுக்கிவிட்டேன். வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களிடம் நகையைக் கேட்டால்கூடக் கொடுத்துவிடுவார்கள், லீவைக் கேட்டால் கொடுக்கமாட்டார்கள். என் கணவர் கேட்கக்கூட இல்லை.

"காதுகுத்து?" என்றேன்.

"காது எங்க போயிடப் போவுது, அங்கதான இருக்கும்?" என்றார்.



போதாததற்கு எனக்கு மலையேறும் ஷூ ஒன்றை வாங்கி வந்தார். தள்ளுபடியில். அரை சைஸ் சின்னது. "நடக்க நடக்க லூஸாயிடும்" என்றார். கடைசியில் லூஸானது என் கட்டைவிரல் நகம்தான். முதல்நாள் மாலையே அது நாவல்பழ நிறத்துக்கு வந்துவிட்டது. அதைப் பார்த்த நிமிஷத்திலிருந்து அவரோடு பேசுவதை நிறுத்தினேன். அதன்பின் எல்லாம் நிவி வழியாகத்தான். "உங்கப்பாகிட்ட சொல்லு, குடையை எடுக்கச் சொல்லி." அப்பா ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருப்பார்.

எங்கள் கைடு பெயர் பசாங். முப்பது வயதிருக்கும். எங்களோடு ஹிந்தியில் பேசுவார். எதற்கும் கோபப்படமாட்டார். (அதுவே எனக்கு ஒரு எரிச்சல். நான் கொதித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒருவர் புன்னகை செய்துகொண்டே நடந்தால் எப்படி இருக்கும்?) பைகளைச் சுமக்க ஒரு கோவேறு கழுதை. அதையும் அவரே ஓட்டி வந்தார். மெதுவாக நடக்க வேண்டும், உயரம் ஏற ஏற உடம்பு பழக நேரம் கொடுக்க வேண்டும் என்று முதல்நாளே சொல்லிவிட்டார்.

என் கணவர் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, மறுநாள் காலையிலேயே அந்த மலையைத் தன் சைட்டாக மாற்றிவிட்டார். கிளம்புவதற்கு முன் எங்களை வரிசையாக நிற்க வைத்து மீட்டிங். "இன்னைக்கு டார்கெட் அந்தப் பாலம். லன்ச் பிரேக் சுருக்கமா. சேஃப்டி முக்கியம்." கூட்டத்தில் இருந்தது மனைவி, மகள், கைடு, கழுதை. கழுதை மட்டும்தான் காதை நிமிர்த்திக் கேட்டது. அதற்கப்புறம் நாள் முழுக்க ஒரே சத்தம். "யல்லா நிவி. யல்லா பசாங் பாய், ஜல்தி. யல்லா, யல்லா." பனி மூடிய சிகரங்கள் சுற்றிலும் அமைதியாக நிற்கும். நடுவில் இவர் ஒருவர் கான்கிரீட் போட்டுக்கொண்டிருப்பார்.

அந்த வழியில் மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கி நீள நீளமாக மதில்கள் கட்டியிருப்பார்கள். அவற்றை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு கடக்க வேண்டும், நாம் பிரகாரம் சுற்றுவது மாதிரி. சேகர் மறுபக்கம் தூரம் குறைவு என்று கண்டுபிடித்து அந்தப் பக்கமாகப் போய்விட்டார். பசாங் புன்னகை மாறாமல் அவரைத் திரும்ப அழைத்து, ஆரம்பத்திலிருந்து சரியான பக்கமாக நடக்க வைத்தார். அந்தப் பயணத்தில் நான் மனமார மகிழ்ந்த முதல் தருணம் அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பள்ளத்தாக்கில் எந்த உயிரையும் கொல்லக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. கோழியைக்கூட அறுக்கமாட்டார்கள். என் கணவர் உயிரோடு ஷார்ஜா திரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

சம்பவம் நடந்த அன்று மதியத்திலிருந்தே நிவிக்குத் தலைவலி. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பேச்சில்லாமல் நடந்தாள். காற்று ஊசியாகக் குத்தியது, பனித்தூள் விழ ஆரம்பித்தது. நாங்கள் தங்க வேண்டிய ஊர் வந்தபோது எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. கல்வீடுகள், கூரையெங்கும் மந்திரம் எழுதிய துணிக்கொடிகள், சுவரெல்லாம் யாக் மாட்டுச் சாணத்தில் தட்டிய வறட்டி. ஊரில் பாதிப் பேர் குளிருக்குக் கீழே போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. விருந்தாளிகளை ஏற்பது ஒரே ஒரு வீடுதான், அடுத்த ஊர் இன்னும் தூரம் என்றார் பசாங்.

அந்த வீட்டு வாசலில் கழுதை நின்றுவிட்டது. உள்ளே வரமாட்டேன் என்று காலை ஊன்றிக்கொண்டது. பசாங் அதன் கழுத்தைத் தடவிக் கொடுத்துக் கொண்டிருந்தார். சேகருக்குப் பொறுமை இல்லை. கயிற்றைப் பிடுங்கி இழுத்துக்கொண்டு, "யல்லா, யல்லா, யல்லா" என்று ஊரே கேட்கக் கத்தினார். அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் வெளியே வந்தார். என் வயதுதான் இருக்கும். கருநீல அங்கி, அதன்மேல் வண்ணக்கோடு போட்ட முன்துணி, இடுப்பில் ஒரு வறட்டிக் கூடை. சேகர் கயிற்றை விடாமலே அவரைப் பார்த்து, "யல்லா, யல்லா, சாய், கரம் பானி, ஜல்தி" என்றார், டீயும் வெந்நீரும் சீக்கிரம் வேண்டுமாம்.

அந்த அம்மாள் கூடையிலிருந்து ஒரு வறட்டியை எடுத்து என் கணவரின் நெஞ்சில் எறிந்தார்.

காய்ந்த வறட்டிதான். ஆனால் குறி தப்பவில்லை. எங்களுக்கு என்ன நடந்தது என்று புரிவதற்குள் அவர் பேச ஆரம்பித்தார். திபெத்து மொழியில் அல்ல. ஹிந்தியில் அல்ல. அட்சர சுத்தமான வளைகுடா அரபியில்.

"உஸ்குத்" என்றார் முதலில். வாயை மூடு என்று அர்த்தம். கிளினிக்கில் நான் வாங்கிப் பழகிய வார்த்தை. என் முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது. "யாரைப் பாத்து யல்லாங்கிற? இது என் வீடு. என் வாசல். இத்லா பர்ரா."

சேகர் நெஞ்சில் சாணித் தூளோடு என்னைப் பார்த்தார். "என்னம்மா சொல்றாங்க?"

நான் வாயைத் திறக்கவில்லை.

"ப்ளீஸ்மா. சொல்லேன்."

எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் வாயிலிருந்து 'ப்ளீஸ்' என்ற வார்த்தை வந்து நான் பார்த்ததில்லை. இறங்கி வந்தேன்.

"வெளிய போகச் சொல்றாங்க" என்றேன். அதுவரை மொழிபெயர்ப்பு சுத்தம்.

அந்த அம்மாள் நிறுத்தவில்லை. மழைபோலக் கொட்டினார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். கேட்கக் கேட்க எனக்குள் ஏதோ திறந்துகொண்டது. அவ்வளவு கோபமான ஒரு குரலை, அவ்வளவு அருகில், என் கணவரை நோக்கி, என் சார்பில் யாரோ பேசுவதுபோலக் கேட்டதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"மனுஷங்களை மதிக்கத் தெரியாதவனான்னு கேக்கறாங்க" என்றேன். இதுவும் கிட்டத்தட்டச் சரிதான். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்ததற்குப் போனார். நானும் போனேன். "பொண்டாட்டியை ஒரு வார்த்தை கேக்காம லீவு போட்டு டிக்கெட் எடுக்கறவன்லாம் ஒரு ஆம்பளையாங்கறாங்க."

சேகர் திகைத்துப்போனார். "அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மூஞ்சியைப் பாத்தாலே தெரியுதாம்."

"சரி. வேற?"

"கூடப் பொறந்தவ வீட்டு விசேஷத்தை விடவெச்ச பாவம் சும்மா விடாதாம். அரை சைஸ் ஷூ வாங்கிக் குடுத்தவனுக்கு அரை வயித்துச் சோறுதான் கிடைக்குமாம்."

"அம்மா" என்றாள் நிவி. ஒரு கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தவள் தலையைத் தூக்கி, "ஷூ பத்தி அவங்க ஒண்ணுமே சொல்லலையே" என்றாள்.

அந்த அம்மாள் பேச்சை நிறுத்தினார். என்னை உற்றுப் பார்த்தார். "நான் நாலு வார்த்தை சொன்னா நீ நாப்பது சொல்ற. என்ன சொன்ன அவன்கிட்ட?"

என்னை முந்திக்கொண்டு பதில் சொன்னது நிவி. பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரும் அரபி செய்தி வாசிப்பது மாதிரி இருக்கும். அதை அப்படியே தமிழில் சொன்னால் இப்படி வரும்: "அம்மையே, என் தாயார் தம்முடைய சொந்தக் கோபத்தையும் இதனுடன் சேர்த்துவிட்டார்."

அந்த முகத்தில் சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு என் அருகில் வந்தார். "இத்தனை வருஷமா உள்ள வெச்சிருந்த கோபம். இன்னைக்குத்தான் வெளிய வந்துச்சு. அதைப் பிடுங்கி உன் வீட்டுச் சண்டைக்கு வெச்சுக்கிட்டியே."

கிளினிக்கில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். யார் திட்டியும் எனக்கு அப்படிக் காது சுட்டதில்லை. நான் அணிந்திருந்த குல்லாயை முகம்வரை இழுத்துவிட்டுக்கொள்ளலாமா என்று தோன்றியது.

"இப்ப சொல்றதைச் சொல்லு. கூட ஒரு வார்த்தை போடாதே" என்றார். சொன்னார். நானும் சொன்னேன், நிவி என்னைக் கண்காணித்துக்கொண்டிருந்தாள்.

"சவுதியில, அல் கோபார்ல ஒரு வீட்ல வேலை பாத்தேன். ஆறு வருஷம். அந்த வீட்ல என் பேரு என்னன்னு ஒருத்தரும் கேக்கல. காலைல எழுப்பினா யல்லா. சாப்பிட உக்காந்தா யல்லா. குழந்தை அழுதா யல்லா. அந்தக் குழந்தை முதல்முதலா என்னைப் பாத்துச் சொன்ன வார்த்தையும் யல்லாதான். இந்தச் சத்தம் எட்டாத இடம்னு நினைச்சுத்தான் இங்க திரும்பி வந்தேன். நீ அதைக் கழுதை மேல ஏத்திக் கொண்டுவந்துட்ட."



சேகர் கயிற்றைக் கீழே போட்டார். பாவம், ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறார். கையிலிருந்த நாலு வார்த்தையில் தேடி, இருப்பதிலேயே மென்மையானது என்று நம்பி, "மாலிஷ்" என்றார். "மாலிஷ், மாலிஷ்."

இரண்டாவது வறட்டி வந்தது. "கையில கொதிக்கிற எண்ணெய் கொட்டினப்பவும் அவங்க அதான் சொன்னாங்க" என்றார் அந்த அம்மாள்.

பசாங் முதன்முறையாகப் புன்னகை இல்லாமல் முன்னால் வந்தார். அவர்கள் மொழியில் தாழ்ந்த குரலில் கெஞ்சினார். வானத்தைக் காட்டினார், நிவியைக் காட்டினார். அதே நேரத்தில் நிவி எழுந்து சுவரோரம் போய் வாந்தி எடுத்தாள். நான் ஓடுவதற்குள் அந்த அம்மாள் ஓடினார். அவளுடைய நெற்றியைப் பிடித்துக்கொண்டு, முதுகைத் தடவி, முன்துணியால் வாயைத் துடைத்துவிட்டார். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பித் தீர்ப்புச் சொன்னார்.

"பொண்ணு உள்ள வரட்டும். கழுதையும் வரட்டும்." என்னைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார். "நீயும் வா. அவன் அங்கயே இருக்கட்டும். என் பேரைச் சரியாச் சொல்லட்டும், அப்புறம் கதவைத் திறக்கறேன்."

பெயரை அவரே ஒருமுறை சொல்லிக் காட்டினார்: ஙவாங் டோல்மா.

ஒன்றாம் வகுப்பில் 'ங' எழுதக் கற்றபோதே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, இந்த எழுத்தில் ஆரம்பிக்கிற ஒரு ஆளை வாழ்க்கையில் என்றாவது சந்திப்போமா என்று. சந்தித்துவிட்டோம். உள்ளே அடுப்படியில் நிவிக்குப் போர்வை சுற்றி, சூடாகப் பூண்டு சூப் கொடுத்தார் ஙவாங் டோல்மா. எனக்கு ஒரு கூடை உருளைக்கிழங்கு கொடுத்தார், உரிக்க. சுவரெல்லாம் பளபளவென்று பித்தளைப் பாத்திரங்கள். கதவுக்கு வெளியிலிருந்து என் கணவரின் குரல் வந்துகொண்டே இருந்தது. "நவாங்." உள்ளேயிருந்து 'ம்ஹும்'. "கவாங்." ம்ஹும். "வாங்க டோல்மா." அதற்கு ஙவாங் டோல்மா கிட்டத்தட்டச் சிரித்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு கம்பளியை என் கையில் கொடுத்து, "போய்க் குடுத்துட்டு வா. நீ பேச வேண்டியதை உன் வாயால பேசு" என்றார்.

போனேன். நின்ற இடத்திலேயே நின்றதால் மூச்சு தாராளமாக இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். காதுகுத்து, கடுக்கன், ஷூ, நகம், மீட்டிங். தங்கை போனில் அழுததைச் சொன்னேன். மதியமே பிள்ளைக்குத் தலை வலித்தபோது 'டார்கெட்' என்று நடக்க வைத்ததையும், அதைத் தடுக்காமல் நான் வீம்பாக வாயை மூடிக்கொண்டு வந்ததையும் சொன்னேன். அவர் கம்பளிக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"சைட்ல எனக்கு மேல இருக்கறவனும் என்னை யல்லான்னுதான் கூப்பிடறான்" என்றார் கடைசியில். "அது திட்டு மாதிரியே தோணாமப் போயிடுச்சு."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். உன்னைக் கேட்டிருக்கணும். கேட்டா நீ வேணாம்னு சொல்லிடுவன்னுதான் கேக்கல."

என் மனம் இளகிவிட்டது என்று எழுதினால் அது பொய். வேண்டாம் என்பேன் என்று தெரிந்தே செய்திருக்கிறார் என்பது புதுத் தகவல். அதற்குத் தனியாக ஒரு சுற்றுத் திட்டினேன். ஆனால் அவருடைய உதடு குளிரில் வெளுத்திருந்தது. "மூக்காலயே ஆரம்பிங்க. 'ங்' சொல்லி அப்படியே 'அவாங்'க்குப் போங்க" என்று சொல்லிக்கொடுத்துவிட்டு உள்ளே வந்தேன்.

சரியாகச் சொன்னார். கதவு திறந்தது.

உள்ளே வந்தவருக்கு உபசாரமாக டீ வந்தது. உப்பும் வெண்ணெயும் போட்டுக் கடைந்த டீ. ஆவலாக ஒரு மடக்குக் குடித்தவரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. மரியாதைக்காகக் கண்ணை மூடிக்கொண்டு கோப்பையைக் காலி செய்தார். ஙவாங் டோல்மா உடனே நிரப்பினார். அதையும் காலி செய்தார். மறுபடியும் நிரப்பினார். அந்த ஊரில் கோப்பையைக் காலியாக விட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், போதும் என்றால் குடிக்காமல் நிறைந்தபடியே வைத்துவிட வேண்டும். இதைப் பசாங் என்னிடம் முன்பே சொல்லியிருந்தார். நான் உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தேன்.

காலையில் நிவிக்குத் தலைவலி முழுதாக விடவில்லை. மேலே போக வேண்டாம், இறங்குவோம் என்று பசாங் சொல்லிவிட்டார். எந்த மடாலயத்தைப் பார்ப்பதற்காக என் கணவர் இத்தனை அமர்க்களம் செய்தாரோ, அது அடுத்த மலைத்திருப்பத்துக்கு அப்பால் இருந்தது. அவர் அந்தத் திசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். காதுகுத்தும் போயிற்று, மடாலயமும் போயிற்று.

கிளம்பும்போது ஙவாங் டோல்மா நிவியின் கழுத்தில் வழியனுப்பும் மரியாதையாக ஒரு வெள்ளைத் துணியைப் போட்டார். எனக்கும் போட்டார். சேகருக்குப் போடவில்லை. அவரைப் பார்த்து அரபியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"பொண்ணு நடக்கற வேகத்துல நட, அப்படீங்கறாங்க" என்றேன்.

என் கணவர் என்னை நம்பவில்லை. நிவியைத் திரும்பிப் பார்த்தார். நிவி தலையாட்டிய பிறகுதான் நடக்க ஆரம்பித்தார்.

அன்று பிடித்த பழக்கம் இன்றுவரை விடவில்லை. சைட்டில் இப்போது ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாராம். வேலையைவிட்டுத் தூக்கப் போகிறார்கள் என்று பயந்து முதலில் எல்லாரும் முகம் வெளுத்தார்களாம். வீட்டில்தான் எனக்கு நிம்மதி போய்விட்டது. ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டதற்கு நான் வாயைத் திறந்தால் போதும், அவர் என்னைப் பார்க்கமாட்டார், மகளைப் பார்ப்பார். "நிவி, இது அந்த டோல்மாம்மா சொன்னதா?"

அவள் போனிலிருந்து கண்ணைக்கூட எடுக்கமாட்டாள். "இல்லப்பா. அவங்க பேசி முடிச்சுட்டாங்க. இது ஃபுல்லா அம்மாவோடது."